பரணில் குடியேறுவது எப்படி: நியூயார்க் சோஹோவில் லாஃப்ட் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"லாஃப்ட் ஒன்று பார்த்திருக்கிறோம்" என்று ஊருக்குப் போன் செய்து சொன்னபோது அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, பரண்லயா குடியிருக்கப் போறீங்க?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நம் ஊர் ஃபிளாட்டில் லாஃப்ட் என்றால் தலைக்கு மேலே போட்ட கான்கிரீட் பலகை. கொலு பொம்மைப் பெட்டியும் பித்தளை அண்டாவும் வருஷம் முழுக்கத் தூங்குகிற இடம். நியூயார்க்கில் அதே சொல், பழைய தொழிற்சாலை அல்லது கிடங்குக் கட்டடத்தின் ஒரு முழுத் தளத்தைக் குறிக்கும். மன்ஹாட்டனின் வழக்கமான மனை 25 அடி அகலம், 100 அடி ஆழம். அதைப் பெருமளவு நிறைத்துக் கட்டிய தளத்தில் சுவர்கள் குறைவு. வரிசையாகத் தூண்கள், 12 அல்லது 14 அடி உயரக் கூரை, தெருப்பக்கம் ஆள் உயரத்தைத் தாண்டிய சன்னல்கள். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் சாப்பாட்டு மேசையை மடக்கி வைத்துப் பழகியவருக்கு, உள்ளே நுழைந்ததும் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அந்த மயக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. லாஃப்ட் விஷயத்தில் வீட்டின் அழகை அப்புறம் பார்க்கலாம். கட்டடத்தின் ஜாதகத்தை முதலில் பார்க்க வேண்டும். ஏன் என்பதற்குக் கொஞ்சம் பழங்கதை தேவை.

பழங்கதை

சோஹோ என்றால் ஹவுஸ்டன் தெருவுக்குத் தெற்கே என்று பொருள். (டெக்சாஸ் ஊரை நினைத்து 'ஹியூஸ்டன்' என்றால் டாக்சிக்காரரே திருத்துவார்.) 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இங்கே துணிக் கிடங்குகளும் பட்டறைகளும் எழுந்தன. முகப்பைக் கல்லில் செதுக்காமல் வார்ப்பிரும்பில் வார்த்து, துண்டு துண்டாகக் கொண்டுவந்து பொருத்தினார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது, பெரிய சன்னல்களும் வைக்க முடிந்தது. வண்ணம் பூசிவிட்டால் எது கல், எது இரும்பு என்று கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கட்டடங்களைக் காக்கப் பாடுபட்ட மார்கோ கேல் கையோடு காந்தம் வைத்திருப்பார், ஒட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று. நானும் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த திருப்பதி பெருமாள் காந்தத்தை எடுத்துப்போய் கிரீன் தெருவில் ஒரு தூணில் வைத்தேன். பச்சென்று ஒட்டிக்கொண்டார்.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொழில்கள் வெளியேறின. அடிக்கடி தீப்பிடித்ததால் தீயணைப்பு வீரர்கள் இந்தப் பகுதிக்கு 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்று பெயர் வைத்தார்கள். காலியான தளங்களில் குறைந்த வாடகைக்கு ஓவியர்களும் சிற்பிகளும் புகுந்தார்கள். சட்டப்படி அது தொழிற்சாலைப் பகுதி, குடியிருக்கக் கூடாது. திருட்டுத்தனமாகத்தான் இருந்தார்கள். 1971-இல் நகரம் இறங்கிவந்து, சான்றிதழ் பெற்ற கலைஞர்கள் அங்கேயே வாழ்ந்து வேலை செய்யலாம் என்றது. 1973-இல் 26 பிளாக்குகளும் ஏறக்குறைய 500 கட்டடங்களும் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதி ஆயின. 1982-இல், இப்படித் தொழிற்கட்டடங்களில் குடியேறியவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் மாநிலத்தின் லாஃப்ட் சட்டம் வந்தது. 2021 டிசம்பரில்தான் சோஹோவிலும், ஹவுஸ்டன் தெருவுக்கு வடக்கே உள்ள நோஹோவிலும் சாதாரணக் குடியிருப்புகளுக்கும் விதிகள் மாற்றப்பட்டன.

இதனால் இன்றைக்கு ஒரே தெருவில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் மூன்று கட்டடங்களுக்கு மூன்று விதமான சட்ட நிலை இருக்கலாம். வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே அழகு.

1. முதலில் ஒரு லாஃப்டுக்குள் போய் நில்லுங்கள்

வீடு தேடும் முன் 101 ஸ்பிரிங் தெருவுக்குப் போய்வாருங்கள். 1870-இல் கட்டிய ஐந்து மாடி வார்ப்பிரும்புக் கட்டடம். சிற்பி டொனால்ட் ஜட் 1968-இல் வாங்கி, குடும்பத்தோடு வாழ்ந்து வேலை செய்த இடம். இப்போது முன்பதிவு செய்துகொண்டு சுற்றிப் பார்க்கலாம். ஒரு தளத்தில் தூக்கம், ஒரு தளத்தில் சமையல் என்று அவர் பிரித்து வைத்திருப்பதைப் பார்த்தால், சுவர் இல்லாத வீட்டில் வாழ எவ்வளவு ஒழுங்கு வேண்டும் என்பது புரியும். மூலையில் ஒரு நாற்காலி மேல் துவைத்த துணியைக் குவித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் (நான் உட்பட) அங்கேயே ஒரு நிமிஷம் நின்று யோசிப்பது நல்லது.

2. எந்தப் பகுதி

சோஹோவில் அழகு அதிகம், கூட்டமும் அதிகம். சனிக்கிழமை பிற்பகல் பிராட்வே நடைபாதையில் தேர்த்திருவிழா போல நகர வேண்டும். மெர்சர், கிரீன், கிராஸ்பி தெருக்களில் இன்னும் பழைய கருங்கல் பாவிய தரை. பார்க்க இனிமை, குழந்தை வண்டி தள்ளினால் கை நடுங்கும். நோஹோ சிறியது, அமைதி கொஞ்சம் கூட.

டிரைபெக்கா கனால் தெருவுக்குத் தெற்கே. வெண்ணெய், முட்டை, பாலாடைக்கட்டி மொத்த வியாபாரம் நடந்த கிடங்குகள் இப்போது வீடுகள். 1991, 92-இல் வரலாற்றுப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. முறைப்படி குடியிருப்பாக மாற்றிக் காகிதம் முடித்த கட்டடங்கள் இங்கே நிறைய, ஆகவே தலைவலி குறைவு. பள்ளி வயதுக் குழந்தை இருந்தால் பி.எஸ். 234 என்ற அரசுப் பள்ளிக்காகவே இந்தப் பக்கம் வருகிறவர்கள் உண்டு. ஆனால் பள்ளி எல்லைக்கோடு தெருவுக்குத் தெரு மாறும். முகவரியைப் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

நம் சமையலுக்கு: ஸ்பிரிங் தெருவில் 6-ஆம் எண் ரயில் ஏறினால் 28-ஆவது தெருவில் இறங்கலாம். அங்கிருந்து லெக்சிங்டன் அவென்யூ பக்கம் நடந்தால் உளுந்து, புளி, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். ஃப்ளஷிங் பிள்ளையார் கோவில் கேன்டீன் தோசைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

3. பணக் கணக்கு

இங்கே பரவலான வழக்கம் 40 மடங்கு விதி: ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல 40 மடங்கு இருக்க வேண்டும். மாதம் 12,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் வருமானம் 4,80,000. குறைந்தால் ஜாமீன்காரர் வேண்டும். அவருக்குப் பெரும்பாலும் 80 மடங்கு கேட்பார்கள். ஜாமீன் தருவதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்திடும்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2019 சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. நீங்கள் அமெரிக்காவுக்குப் புதிது, கிரெடிட் வரலாறு இல்லை என்று சொல்லி உரிமையாளர் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்டால் அதுவும் விதிக்குப் புறம்பு. விண்ணப்பத்தோடு பின்னணி, கிரெடிட் சோதனைக்கு வீட்டு உரிமையாளர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 20 டாலர். கட்டடம் கோ-ஆப் (குடியிருப்போர் பங்குதாரர்களாகக் கூட்டாக வைத்திருப்பது) அல்லது காண்டோ (ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர்) என்றால் அதன் போர்டு தனியாகக் கட்டணம் போடும். அனுமதி தர வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். இப்போதைய வீட்டைக் காலி செய்யும் தேதியை அதற்கு ஏற்ப வையுங்கள்.

புரோக்கர் கூலி 2025 ஜூன் 11 முதல் மாறிவிட்டது: யார் புரோக்கரை அமர்த்தினாரோ அவர்தான் கொடுக்க வேண்டும். முன்பு ஆண்டு வாடகையில் 15 சதவீதம் வரை குடியிருக்க வருபவர் தலையில் விழும். மேலே சொன்ன வாடகைக்கு அது 21,600 டாலர். வீட்டு உரிமையாளர் சார்பில் விளம்பரம் போட்ட புரோக்கர் இப்போது உங்களிடம் கேட்க முடியாது. அதனால் வீடு பார்க்கப்போன இடத்தில் 'வருகைப் பதிவுதான், சும்மா ஒரு கையெழுத்து' என்று நீட்டும் தாளைப் படித்துப் பாருங்கள். நீங்கள்தான் அவரை அமர்த்தினீர்கள் என்று அதில் எழுதியிருக்கலாம். எனக்கு ஒருவர் அப்படி நீட்டினார். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

4. ஜாதகம் பார்த்தல்

வீட்டு விளம்பரத் தளமான ஸ்ட்ரீட்ஈஸியில் பிடித்த லாஃப்ட் கிடைத்துவிட்டது. உடனே ஓடாதீர்கள். முகவரியைக் குறித்துக்கொண்டு நகரக் கட்டடத் துறையின் இணையதளத்துக்குப் போங்கள். செலவில்லை.

அங்கே தேட வேண்டியது குடியிருப்புச் சான்றிதழ், இவர்கள் வாயில் 'சி ஆஃப் ஓ'. ஸ்கேன் செய்த பழைய தட்டச்சுத் தாளாக இருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வரி, அந்தத் தளத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று. நீங்கள் எடுக்க நினைக்கும் தளத்தின் வரியில் விரலை வையுங்கள்.

'கிளாஸ் ஏ' குடியிருப்பு, அதாவது நிரந்தரமாக வாழும் வீடு, என்று இருந்தால் நிம்மதி. அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

'கலைஞர்கள் வாழ்ந்து வேலை செய்யும் இடம்' என்று இருந்தால் 1971 விதியின் வாரிசு. சட்டப்படி அங்கே நகரக் கலாச்சாரத் துறையின் சான்றிதழ் பெற்ற கலைஞர் இருக்க வேண்டும். நடைமுறையில் வங்கிக்காரர்களும் மென்பொருள்காரர்களும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட கட்டடங்களில் 'சோஹோ கடிதம்' என்று ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். நான் கலைஞன் இல்லை, விதி எனக்குத் தெரியும், நாளைக்கு ஏதாவது வந்தால் கட்டடத்தைப் பொறுப்பாக்க மாட்டேன் என்பது அதன் சாரம். கையெழுத்திடுவது உங்கள் விருப்பம், ஆனால் வக்கீலிடம் காட்டாமல் இட வேண்டாம். இந்த அளவு வாடகைக்கு ஒரு மணி நேர வக்கீல் செலவு பெரிதில்லை.

அந்த வரியில் 'தொழிற்சாலை', 'கிடங்கு' என்றே இருந்தால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, அந்தக் கட்டடம் லாஃப்ட் சட்டத்தின் கீழ் பதிவாகி, படிப்படியாகக் குடியிருப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் நகரத்தின் லாஃப்ட் போர்டில் பதிவு இருக்கும். குடியிருப்பவருக்குப் பாதுகாப்பும் உண்டு. இரண்டு, ஒரு பதிவும் இல்லை. அப்படி என்றால் சமையலறை எவ்வளவு பளபளத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பாதுகாப்புக் குறை என்று நகரம் காலி செய்யும் உத்தரவை ஒட்டினால் அன்றைக்கே பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும். சட்டப்படி அத்தகைய இடத்துக்கு உரிமையாளர் வாடகை வசூலிக்க முடியாது என்பது நமக்குச் சாதகம்தான். அதற்காக நடுத்தெருவில் சோஃபாவோடு நிற்க வேண்டுமா?

சான்றிதழே கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம். 1938-க்கு முந்தைய கட்டடங்கள் பலவற்றுக்கு அது இருக்காது. அதற்குப் பதிலாகக் கட்டடத் துறை தரும் 'ஆட்சேபணை இல்லை' கடிதம் இருக்கிறதா என்று உரிமையாளரைக் கேளுங்கள்.

அதே உட்காரலில் வீட்டுவசதித் துறையின் தளத்தில் விதிமீறல் பட்டியலைப் பாருங்கள். வெப்பம் வரவில்லை, எலி, ஈயப் பெயின்ட் என்று அந்தக் கட்டடத்தில் பதிவான மீறல்களெல்லாம் தேதியோடு இருக்கும். மூன்று குளிர்காலமாகத் தொடர்ந்து வெப்பம் பற்றிய மீறல் இருந்தால் உங்கள் குளிர்காலமும் அப்படித்தான்.

5. நேரில் பார்க்கும்போது

இரண்டு முறை போங்கள். ஒன்று வார நாள் காலை, சரக்கு லாரிகள் வரும் நேரம். இன்னொன்று வெள்ளி மாலை. ஹாலண்ட் சுரங்கத்துக்குப் போகும் கார்கள் ப்ரூம் தெருவிலும் கனால் தெருவிலும் ஹார்ன் அடிக்கும் நேரம். பழைய சன்னலில் ஒற்றைக் கண்ணாடி என்றால் அந்த ஹார்ன் உங்கள் தலையணையில் கேட்கும். கண்ணாடியை மாற்றலாமே என்றால், வரலாற்றுப் பகுதியில் வெளிப்பக்கச் சன்னலை மாற்ற நகரத்தின் வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்க வேண்டும். இருப்பதோடு வாழ முடியுமா என்று மட்டும் யோசியுங்கள்.

டேப் எடுத்துப் போங்கள். விளம்பரத்தில் 2,500 சதுரடி என்று இருக்கும். அது மனையின் அளவு! தடித்த செங்கல் சுவர், படிக்கட்டு, லிஃப்ட் குழி, பின்பக்க வெற்றிடம் எல்லாம் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை நீங்களே அளந்தால்தான் தெரியும்.

வெளிச்சம் முன்னும் பின்னும்தான். நடுப்பகுதி பகலிலும் விளக்குப் போடும் இடம். அங்கே தடுப்பு வைத்து 'ஹோம் ஆஃபீஸ்' என்று காட்டுவார்கள். சன்னல் இல்லாத அறையைப் படுக்கையறை என்று சொல்ல விதி இடம் தராது. அதனால்தான் அந்தப் பெயர். இரண்டு குழந்தைகளுக்குத் தனித்தனி அறை வேண்டும் என்றால் சன்னல்களை எண்ணுங்கள், கதவுகளை எண்ணாதீர்கள்.

இப்போது நம்மவர்களுக்கான முக்கியமான சோதனை: அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கி. அதைப் போட்டு ஒரு டிஷ்யூ தாளை அடியில் பிடியுங்கள். தாள் ஒட்டினால் மட்டும் போதாது. காற்று குழாய் வழியாக வெளியே போகிறதா, அல்லது வடிகட்டி மறுபடி நம் முகத்திலேயே விடுகிறதா என்று பாருங்கள். நாங்கள் பார்க்கத் தவறினோம். குடிபோன முதல் ஞாயிறு சாம்பாருக்குத் தாளித்தோம். மிளகாய் கருகும் முன்பே புகை அலாரம் அலறியது. சுவரே இல்லாத வீட்டில் பெருங்காயம் எங்கே போய் நிற்கும்? நேராக அந்தக் கோடியில் திறந்த கம்பியில் தொங்கிய கோட்டுகளில் போய் உட்கார்ந்தது. புதன்கிழமை அலுவலகக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் "இன்றைக்கு மதியம் என்ன சாப்பாடு?" என்று ஆவலாகக் கேட்டார். நான் கொண்டுபோனது வெறும் சாண்ட்விச்.

லிஃப்ட் பல கட்டடங்களில் நேராக வீட்டுக்குள்ளேயே திறக்கும். சாவி போட்டால்தான் உங்கள் தளத்தில் நிற்கும். ஒருநாள் அது நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று படியில் ஏறிப் பாருங்கள். அமெரிக்கக் கணக்கில் ஐந்தாம் தளம் என்பது நம் நான்காம் மாடி; ஆனால் ஒவ்வொரு தளமும் 14 அடி, முழங்கால் அதைத் தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். பாதுகாப்புப் பொறி உள்ள முதல் பயணிகள் லிஃப்டை எலிஷா ஓட்டிஸ் 1857-இல் பொருத்தியது இதே வட்டாரத்தில், பிராட்வேயும் ப்ரூம் தெருவும் சந்திக்கும் முனையில். சில லிஃப்டுகளில் ஏறினால் அதேதானோ என்று தோன்றும்.

பரண் உண்டா என்று அம்மா மறுபடி கேட்டார். இல்லை. பல லாஃப்டுகளில் அலமாரியே இல்லை. பெட்டி, கிரைண்டர், குளிர்கால ரஜாய் எல்லாவற்றுக்கும் இடம் யோசியுங்கள்.

6. குளிர்

14 அடி உயரக் கூரை என்றால் சூடெல்லாம் மேலே போய்விடும், கால் சில்லிடும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை வீட்டு உரிமையாளர் வெப்பம் தர வேண்டும். வெளியே 55 பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் உள்ளே குறைந்தது 68 (20 செல்சியஸ்), இரவில் வெளியே எப்படியிருந்தாலும் 62. வரவில்லை என்றால் நகரத்தின் புகார் எண்ணான 311-க்குப் போன் செய்யலாம். வெப்பச் செலவு உங்கள் தலையில் என்றால் கடந்த 2 ஆண்டு பில்களைக் கேட்டு வாங்குங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மின்சார ஹீட்டர் வைத்த 2,000 சதுரடியின் ஜனவரி பில், சின்ன அபார்ட்மென்டின் வாடகையோடு போட்டி போடும்.

7. லீஸ்

நம் ஊரில் 'வீடு லீசுக்கு' என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகை இல்லாமல் இருப்பது. இங்கே லீஸ் என்றால் வெறும் வாடகை ஒப்பந்தம். புதிதாக வருகிறவர்கள் இதில் குழம்புகிறார்கள்.

குடியிருக்க எடுக்கும் இடத்துக்கு வணிக லீஸ் நீட்டினால் தொடாதீர்கள். குடியிருப்பவருக்கான பாதுகாப்புகள் கைநழுவும், பழுது பார்ப்பதும் சொத்துவரியில் பங்கும் உங்கள் பக்கம் வரலாம்.

தரையில் 80 சதவீதம் கம்பளம் போட வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். பழைய மரத்தளத்தில் சத்தம் அப்படியே கீழே இறங்கும். இடிகல்லில் பூண்டு நசுக்கும் சத்தம் கீழ்வீட்டுக்காரருக்குத் தச்சுவேலை. ஊருக்குப் போகும் இரண்டு வாரத்துக்கு வெளியாருக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 30 நாளுக்குக் குறைவான வாடகைக்கு நகரத்தில் பதிவு செய்ய வேண்டும், நீங்களும் அங்கேயே தங்கியிருக்க வேண்டும். 2023 செப்டம்பர் முதல் இதைக் கறாராக அமல்படுத்துகிறார்கள்.

பத்து வயது வரை குழந்தை இருந்தால் சன்னல் தடுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஆறு வயதுக்குள் என்றால் ஈயப் பெயின்ட் சோதனை பற்றியும். அந்த விதி 1960-க்கு முந்தைய கட்டடங்களுக்கு; இவை எல்லாம் அதற்கும் மிக முந்தையவை. ஓராண்டு மூட்டைப்பூச்சி வரலாற்றுப் படிவம் லீசோடு வரும், வராவிட்டால் கேளுங்கள்.

வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு பெரும்பாலான சொகுசு லாஃப்டுகளுக்கு இல்லை. காரணமில்லாமல் காலி செய்ய வைப்பதையும் அளவுக்கு மீறிய வாடகை உயர்வையும் தடுக்கும் 2024-இன் 'நியாயமான காரணம்' சட்டமும் மிக உயர்ந்த வாடகை வீடுகளை விட்டுவிடுகிறது. 5 சதவீதமோ அதற்கு மேலோ ஏற்றினால் முன்னறிவிப்பு மட்டும் தர வேண்டும்: குடியிருந்த காலத்தைப் பொறுத்து 30, 60 அல்லது 90 நாள். இரண்டு ஆண்டு லீஸ் கிடைத்தால் பேரம் பேசி வாங்கிவிடுங்கள்.

8. குடிபோகும் நாள்

சாமான் தூக்கும் கம்பெனியிடம் கட்டடத்தின் பெயருக்குக் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள். அது வராமல் சரக்கு லிஃப்டைத் திறக்க மாட்டார்கள். அந்த லிஃப்டும் பெரும்பாலும் வார நாளில் அலுவலக நேரத்தில்தான். எங்களுக்குச் சான்றில் கட்டடத்தின் எண் ஒன்று தவறாக விழுந்து, லாரி மூன்று மணி நேரம் கருங்கல் தெருவில் நின்றது. நல்ல நேரம் தாண்டிவிடும் என்று மாமியார் வீடியோ காலில் தவிக்க, நான் பால் பாத்திரத்தையும் பிள்ளையாரையும் மட்டும் கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போய்ப் பால் காய்ச்சினேன்.

சாமான் உள்ளே வருவதற்கு முன்பே காலி வீட்டை மூலை மூலையாக வீடியோ எடுத்து, அதைத் தேதியோடு உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தரைப்பலகையின் கீறல், தூணில் உரிந்த பெயின்ட், கண்ணாடி விரிசல் எல்லாம் அதில் வரட்டும். காலி செய்த 14 நாளுக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்; பிடித்தம் இருந்தால் எதற்கு எவ்வளவு என்று பட்டியல் தர வேண்டும். அந்தப் பட்டியலில் 'தரைக் கீறல்' என்று ஒரு வரி வந்தால், பதிலுக்கு அந்த மின்னஞ்சலை அப்படியே மறுபடி அனுப்புங்கள்.